அன்று பெறும் பொருள்: கொச்சியின் வீட்டு விலை எண்கள் யாருக்காக எழுதப்பட்டன?

வீடு வாங்குவதும் விற்பதும் ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் ஓரிரு முறையே செய்யும் காரியங்கள். ஆகவே அதில் பழகித் தேர்வதற்குப் பெரும்பாலோர்க்கு வாய்ப்பில்லை. பட்டறிவு இல்லாத அந்த இடத்தை இப்போது தரவு நிரப்பிவருகிறது. இந்திய ரிசர்வ் வங்கி 2010-11ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு காலாண்டுதோறும் வெளியிட்ட வீட்டு விலைக் குறியீட்டெண்ணில் பத்து நகரங்கள் இடம்பெற்றன. மும்பை, தில்லி, கொல்கத்தா, சென்னை போன்ற பெருநகரங்களின் வரிசையில் கொச்சியும் ஒன்று. ஏலூரில் ஐந்து சென்ட் நிலத்தில் நிற்கும் வீட்டை விற்க நினைப்பவரும் இன்று கைப்பேசியில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் தரகரிடம் பேசத் தொடங்குகிறார்.

அந்த எண் எதனால் ஆனது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அது பத்திரப் பதிவு அலுவலகங்களின் ஆவணங்களால் ஆனது. ஆவணம் என்பது ஒரு மொழிச்செயல். ஒருவர் மற்றொருவருக்கு, ஒரு நோக்கத்தோடு, ஒரு நாளில் எழுதிக் கொடுத்த சொல். அதிலுள்ள விலையும் அவ்வாறே எழுதப்பட்டதுதான். எனவே விலைத் தரவை அறிவோடு பயன்படுத்துவது கணக்கறிவு மட்டுமன்று. அதற்கு ஆவணங்களின் வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். கொச்சி அவ்வரலாற்றைப் படிக்க மிகப் பொருத்தமான ஊர்.

முதலில் ஒரு சொல்லிலிருந்து தொடங்கலாம். தமிழில் ஒரு பொருளின் விலையை 'இதன் விலை நூறு ரூபாய்' என்றும் சொல்லலாம். 'இது நூறு ரூபாய் பெறும்' என்றும் சொல்லலாம். முதலாவது குறித்துவைத்த விலை. இரண்டாவது மதிப்பீடு. 'பெற்றது' என்று இறந்தகாலத்தில் சொல்லாமல் 'பெறும்' என்கிறோம். விற்றால் வரக்கூடியது என்பது பொருள். இலங்கைத் தமிழில் மதிப்பைக் குறிக்கும் 'பெறுமதி' என்னும் சொல்லும் இதே வேரினது; நாம் மதிப்புக் கூட்டு வரி என்பதை அவர்கள் பெறுமதி சேர் வரி என்கின்றனர்.

பழைய மலையாள நில ஆவணங்களில் இச்சொல் ஒரு சட்டக் கலைச்சொல்லாகவே விளங்கியது. நிலத்தை முற்றாக விற்பதற்கு அங்கே 'அட்டிப்பேறு' என்று பெயர். அட்டுதல் என்றால் ஊற்றுதல். பேறு என்றால் பெறுதல். நீர் வார்த்துப் பெற்ற உரிமை என்பது சொல்லின் பொருள். சோழர் கல்வெட்டுகளில் நிலத்தை நீரட்டிக் கொடுத்ததாக வரும் வழக்கும் இதுவே. 1887இல் வெளிவந்த 'மலபார் மானுவல்' நூலில் வில்லியம் லோகன் இத்தகைய ஆவணங்கள் பலவற்றைத் தொகுத்தார். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் ஒரு தொடர், 'அன்னு பெறும் அர்த்தம்'. தமிழில் சொல்வதானால், அன்று பெறும் பொருள். அன்றைய நாளில் அந்நிலம் எவ்வளவு பெறுமோ அவ்வளவையும் வாங்கிக்கொண்டு விற்றேன் என்பது அதன் கருத்து. தொகை எவ்வளவு என்பதை ஆவணம் எண்ணால் கூறாமலே விடுவதும் உண்டு. நாளும் நான்கெல்லையும் சாட்சிகளும் இருக்கும். விலை மட்டும் 'அன்று பெறும் பொருள்' என்ற தொடருக்குள் அடங்கிவிடும்.

இன்றைய தரவாளர் ஒருவருக்கு இது பெருங்குறையாகத் தோன்றும். ஆனால் அவ்வாவணம் யாருக்காக எழுதப்பட்டது என்று கேட்டால் குறை மறைந்துவிடும். அது வரி வாங்குவோருக்காக எழுதப்படவில்லை. நாளை உரிமை கோரி வரக்கூடிய பங்காளிக்கும் விற்றவரின் வாரிசுக்கும் எழுதப்பட்டது. முழு மதிப்பும் கொடுக்கப்பட்டுவிட்டது, இனிக் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்பதே அவர்களுக்குத் தெரியவேண்டிய செய்தி. எவ்வளவு என்பது ஊராருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

இதே கருத்தைக் கொண்டு 'பெறுமர்த்தம்' என்றொரு அடைமான முறையும் மலபாரில் இருந்தது. நிலத்தின் முழுச் சந்தை மதிப்பையும் பெற்றுக்கொண்டு அதனை ஒப்படைத்தவர், பின்னாளில் மீட்க விரும்பினால், தாம் வாங்கிய தொகையைத் திருப்பிக் கொடுத்தால் போதாது. மீட்கும் நாளில் நிலம் பெறும் மதிப்பைக் கொடுக்க வேண்டும். ஒரு விலை ஒருநாளைக்கு மட்டுமே உரியது என்ற பொருளியல் உண்மையை இம்முறை தன் விதியாகவே வைத்திருந்தது. குறியீட்டெண் எதுவும் இல்லாத காலத்தில், 'அன்று' என்ற சொல்லே அந்த வேலையைச் செய்தது.

தமிழ்க் கல்வெட்டு ஆவணங்கள் வேறு வழியில் சென்றன. விற்போரும் வாங்குவோரும் தம்முள் இசைந்த விலைப்பொருள், அது எத்தனை காசு, எந்தக் காசு என்பனவெல்லாம் அவற்றில் எழுதப்பட்டன. 'அன்றாடு நற்காசு' என்று குறிப்பதுண்டு. அந்நாளில் வழக்கிலுள்ள நல்ல காசு என்பது பொருள். பணம் முழுதும் கைக்கு வந்ததற்குத் தனியே 'பொருட்செலவோலை' என ஒன்று எழுதும் வழக்கமும் இருந்தது. அந்த ஓலையை ஒருநாள் காட்டச் சொல்வார்களோ என்ற அச்சத்தால், இவ்விலையோலையே பொருட்செலவோலையும் ஆகும், வேறொன்று காட்ட வேண்டியதில்லை என்று ஆவணத்திலேயே எழுதிவைத்தனர். எண் இங்கே இருக்கிறது. ஆனால் அதுவும் வழக்கைத் தடுப்பதற்கான எண்ணே. விலை ஏறியதா இறங்கியதா என்று பின்வருவோர் அறிய வேண்டும் என எவரும் அதை எழுதவில்லை.

விலையின் ஏற்ற இறக்கத்தை அறிய உதவும் எண் வேறோர் இடத்திலிருந்து வந்தது. அவ்விடத்துக்கும் கொச்சிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1663 சனவரியில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி போர்த்துக்கீசரிடமிருந்து கொச்சிக் கோட்டையைக் கைப்பற்றியது. 1795இல் ஆங்கிலேயர் பிடிக்கும்வரை அது டச்சுக்காரர் வசம் இருந்தது. அவர்களின் கொச்சி ஆவணங்களின் பெரும்பகுதி இன்று சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதே காலத்தில் அக்கம்பெனியின் தலைமையிடமான ஆம்ஸ்டர்டாமில், செல்வந்தரான வணிகர்கள் ஹேரன்கிராக்ட் என்னும் கால்வாய்க் கரையில் வீடு கட்டி வாழ்ந்தனர். ஹாலந்தில் அசையாச் சொத்து விற்பனைக்கு நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 2.5 சதவீதம், வரி இருந்தது. வரி வாங்குவதற்காக விலை பதிவுசெய்யப்பட்டது. ஒரே தெருவின் வீடுகள் எப்போது, என்ன விலைக்குக் கைமாறின என்ற செய்தி நூற்றாண்டுக்கணக்கில் சேர்ந்தது.

அச்செய்திகளைக்கொண்டு பீட் ஐக்ஹோல்ட்ஸ் என்னும் டச்சுப் பொருளியலறிஞர் 1628 முதல் 1973 வரையிலான ஒரு வீட்டு விலைக் குறியீட்டெண்ணை உருவாக்கி 1997இல் வெளியிட்டார். அவர் கண்ட முடிவு வீட்டை முதலீடாக மட்டும் பார்ப்போர்க்கு வியப்பளிக்கும். பொதுவான விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால், அத்தெரு வீடுகளின் மதிப்பு ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டில் இரண்டு மடங்கு அளவே உயர்ந்திருந்தது. ஆண்டுக்கு 0.2 சதவீதம் என்று கொள்ளலாம். இடையில் பல்லாண்டுக்கால ஏற்றங்களும் வீழ்ச்சிகளும் வந்துபோயின. வீட்டில் வாழ்ந்த பயனும் வாடகையும் இக்கணக்கில் சேரவில்லை என்பதையும் மறக்கலாகாது. ஆனால் 'நிலத்தின் விலை ஏறிக்கொண்டேதான் இருக்கும்' என்னும் நம்மூர் நம்பிக்கை, பெரும்பாலும் ரூபாயின் மதிப்பு இறங்குவதைப் பார்த்துப் பிறந்த நம்பிக்கை என்பதை உணர இவ்வொரு தெருவின் கணக்கு போதும். தந்தை 1985இல் வாங்கிய வீடு இன்று எத்தனை மடங்கு என்று சொல்வோர், அதே காலத்தில் அரிசியும் சம்பளமும் எத்தனை மடங்காயின என்பதையும் அருகில் எழுதிப் பார்க்க வேண்டும்.

ஐக்ஹோல்ட்ஸின் கணக்கு நம்பத்தக்கதாக இருப்பதற்கு ஒரு காரணம் அதன் முறை. ஓராண்டில் விற்ற வீடுகளின் சராசரி விலையையும் அடுத்த ஆண்டில் விற்ற வீடுகளின் சராசரியையும் ஒப்பிட்டால் பிழை நேரும். முதலாண்டில் சிறு வீடுகளும் மறு ஆண்டில் பெரு வீடுகளும் விற்றிருந்தால், எந்த வீட்டின் விலையும் ஏறாமலே சராசரி ஏறிவிடும். ஆகவே ஒரே வீடு இருமுறை விற்கப்படும்போது கிடைக்கும் இரு விலைகளை ஒப்பிட வேண்டும். 1963இல் பெய்லி, மூத், நூர்ஸ் ஆகியோர் இம்முறையை வகுத்தனர். பின்னர் 1980களில் கார்ல் கேசும் ராபர்ட் ஷில்லரும் அதை வளர்த்து அமெரிக்க நகரங்களுக்குப் பயன்படுத்தினர். மொழியியல் பயின்றோர்க்கு இது புதிதன்று. மொழி மாற்றத்தை அறிய வெவ்வேறு நூல்களின் சொற்களை எண்ணுவதைவிட, ஒரே நூலின் இரு காலப் படிகளை ஒப்பிடுவது தெளிவு தரும் அல்லவா? அதுபோன்றதே இது.

இனி இந்தியாவுக்குத் திரும்பலாம். ஆம்ஸ்டர்டாமைப் போலவே இங்கும் விலையெண் ஆவணத்தில் நிலைபெற்றது வரியினால்தான். 1864 முதல் ஆங்கிலேய இந்தியாவில் பதிவுச் சட்டங்கள் வந்தன. இன்று நடப்பில் உள்ளது 1908ஆம் ஆண்டுச் சட்டம். ஆயினும் இன்றைய கொச்சிப் பெருநகரம் அன்று ஒரே ஆட்சியின்கீழ் இல்லை. கோட்டைக் கொச்சி மலபார் மாவட்டத்தின் பகுதியாகச் சென்னை மாகாணத்தில் இருந்தது. அதை ஒட்டிய மட்டாஞ்சேரி கொச்சி சமஸ்தானத்தைச் சார்ந்தது. பெரியாற்றின் கிளைகளுக்கிடையே தீவாக அமைந்த ஏலூர் திருவிதாங்கூரைச் சார்ந்தது. 1949இல் இரு சமஸ்தானங்களும் இணைந்து, 1956இல் கேரளம் உருவான பின்னரே மூன்றும் ஒரே மாநிலத்தின் ஆவணங்களாயின. 'கொச்சியின் வீட்டு விலை' என்று ஒருமையில் பேசுவது வரலாற்று நோக்கில் மிக அண்மைக்கால வழக்கு.

ஆம்ஸ்டர்டாமின் வரி நாற்பதில் ஒரு பங்கு. கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து பத்தில் ஒரு பங்கு. வரி உயர உயர, எண்ணைக் குறைத்து எழுதும் ஆசையும் உயரும். ஆவணத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்ற இரட்டை வழக்கம் இந்திய நகரங்கள் அனைத்துக்கும் பொதுவான நோய். அதைத் தடுக்க அரசுகள் தாமே ஒரு குறைந்தபட்ச மதிப்பை அறிவிக்கத் தொடங்கின. தமிழ்நாட்டில் அது வழிகாட்டி மதிப்பு. கேரளத்தில் நியாய விலை. அது 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2003 முதல் வருமான வரிச் சட்டமும், ஆவண விலை இம்மதிப்புக்குக் குறைந்தால் இம்மதிப்பையே விற்பனை விலையாகக் கொள்ளத் தொடங்கியது.

விளைவு எதிர்பாராதது. தரைமட்டமாக வகுத்த எண் பல ஆவணங்களில் கூரையாகவும் ஆகிவிட்டது. உண்மை விலை எதுவாயினும், வழிகாட்டி மதிப்பை எழுதினால் போதும் என்று விற்போரும் வாங்குவோரும் எழுத்தரும் பழகிக்கொண்டனர். அத்தகைய ஆவணத்தில் இருக்கும் எண் சந்தை பேசிய விலை அன்று. அரசு பேசியதை மக்கள் அரசுக்கே திருப்பிச் சொன்ன விலை.

தமிழ்நாட்டின் வில்லங்கச் சான்றைப் பார்த்தவர்கள், அதில் 'கைமாற்றுத் தொகை' என்றும் 'சந்தை மதிப்பு' என்றும் இரு பத்திகள் இருப்பதைக் கண்டிருப்பார்கள். கைமாற்றுத் தொகை என்பது கைமாறியதாகத் தரப்பினர் கூறிய தொகை. சந்தை மதிப்பு என்பது தீர்வை கணக்கிடுவதற்காகக் கொண்ட மதிப்பு. அதற்கும் சந்தையில் நடந்த பேரத்துக்கும் நேர்த்தொடர்பு இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால், அங்கே சந்தையின் குரல் கேட்கவில்லை என்று ஐயுறலாம். கைமாற்றுத் தொகை கூடுதலாக, முழுமையடையாத எண்ணாக இருந்தால், அது உண்மையான பேரமாக இருக்க வாய்ப்பு மிகுதி. வங்கிக் கடன் பெற்று வாங்கியோரின் ஆவணங்கள் பெரும்பாலும் உண்மைக்கு அருகில் இருக்கும். ஏனெனில் அங்கே அரசோடு வங்கியும் அந்த எண்ணின் வாசகர்.

இப்போது குறியீட்டெண்ணுக்கு வருவோம். ரிசர்வ் வங்கியின் எண் பதிவு அலுவலக ஆவணங்களிலிருந்து வருகிறது; வீடுகளைப் பரப்பளவின்படி சிறியவை, நடுத்தரமானவை, பெரியவை எனப் பிரித்துக் கணக்கிடப்படுகிறது. தேசிய வீட்டுவசதி வங்கி 2007இல் தொடங்கிய 'ரெசிடெக்ஸ்' குறியீட்டெண்ணோ, இப்போது வங்கிகளும் வீட்டுக்கடன் நிறுவனங்களும் செய்யும் மதிப்பீடுகளை ஒரு முதன்மை ஆதாரமாகக் கொள்கிறது. ஒன்று, மக்கள் வரிக்காக அரசுக்குச் சொன்ன விலை. மற்றொன்று, கடனுக்காக மதிப்பீட்டாளர் வங்கிக்குச் சொன்ன விலை. இரண்டும் வேறுபட்டால் ஒன்று பொய் என்று முடிவுகட்டக் கூடாது. இரண்டும் வேறு உரையாடல்கள்.

குறைத்து எழுதிய விலைகளால் ஆன குறியீட்டெண் பயனற்றதா? அன்று. எல்லோரும் எப்போதும் ஒரே விகிதத்தில் குறைத்து எழுதினால், விலையின் அளவு தவறாக இருந்தாலும் அதன் மாற்றம் சரியாகவே தெரியும். 60 லட்ச ரூபாய் வீடு 30 லட்சம் என்று எழுதப்பட்டு, பின் 66 லட்சமானபோது 33 லட்சம் என்று எழுதப்பட்டால், உயர்வு இரண்டிலும் 10 சதவீதமே. சிக்கல் எழுவது விகிதம் மாறும்போது. அரசு நியாய விலையை 20 சதவீதம் உயர்த்துகிறது என்று வைத்துக்கொள்வோம். 2023 ஏப்ரலில் கேரளம் அவ்வாறே உயர்த்தியது. முன்பு 30 லட்சம் எழுதிய வீட்டுக்கு இனி 36 லட்சம் எழுத வேண்டும். சந்தையில் அவ்வீடு அதே 60 லட்சத்துக்கு விற்றாலும், ஆவணங்களின் கணக்கில் விலை 20 சதவீதம் ஏறியிருக்கும்.

தமிழ்நாட்டில் நடந்தது இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. 2017 சூனில் வழிகாட்டி மதிப்பு 33 சதவீதம் குறைக்கப்பட்டது. பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்த்தப்பட்டது. 2023இல் மதிப்பு பழைய நிலைக்குக் கொண்டுவரப்பட்டது. கட்டணம் 2 சதவீதமானது. நூறு அறுபத்தேழாக இறங்குவது 33 சதவீத வீழ்ச்சி. அறுபத்தேழு மீண்டும் நூறாவது ஏறத்தாழ 49 சதவீத உயர்வு. இவ்விரு நாள்களுக்கும் இடையே வீடுகளின் உண்மை விலை எப்படி நகர்ந்ததோ, அது வேறு செய்தி. எனவே எந்த விலை வரைபடத்தைப் பார்த்தாலும், அதன்மீது அரசாணைகளின் நாள்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டு படிப்பது முதல் பாடம். திடீர் ஏற்றம் ஓர் அரசாணையின்மேல் நின்றால், அதைக் கண்டு அவசரமாக வாங்க ஓடவேண்டியதில்லை.

அளவையிலும் ஒரு பொறி உண்டு. கேரளத்தின் நியாய விலை 'ஆர்' என்னும் அளவைக்குக் குறிக்கப்படுகிறது; தெருவில் பேசப்படுவதோ சென்ட் கணக்கு. ஓர் ஆர் 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 2.47 சென்ட். இதை அறியாமல் இரண்டையும் நேராக ஒப்பிட்டு, அரசு மதிப்பு சந்தை விலையைத் தாண்டிவிட்டதாக எண்ணுவோர் உண்டு. மேலும் நியாய விலை நிலத்துக்கு மட்டுமே உரியது. வீட்டின் மதிப்பு தனிக்கணக்கு.

நகரத்துக்கான எண் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் ஓர் ஊருக்குள் வரும்போது அது மங்கிவிடும். ஏலூரே இதற்குச் சான்று. 1940களில் திருச்சிராப்பள்ளிச் சேஷசாயி சகோதரர்கள் திருவிதாங்கூர் அரசின் ஆதரவோடு இங்கே தொடங்கிய உரத் தொழிற்சாலையே ஃபாக்ட். 1947இல் அது உற்பத்தியைத் தொடங்கியது. தொடர்ந்து திருவாங்கூர் கொச்சின் கெமிக்கல்ஸ், இந்திய அருமண் நிறுவனம், இந்துஸ்தான் பூச்சிக்கொல்லி நிறுவனம் ஆகியன வந்தன. உத்தியோகமண்டல் என்னும் பெயரே அதன் வரலாற்றைச் சொல்லும். வேலை கிடைத்தது, ஊர் வளர்ந்தது. நிறுவனக் குடியிருப்புகளும் எழுந்தன. அங்கு வாழ்ந்தோர் வீட்டை வாங்கவுமில்லை, விற்கவுமில்லை. ஆகவே ஏலூரின் வாழ்விடத்தில் ஒரு பகுதி விலைத் தரவுக்குள் நுழையவே இல்லை. விற்பனை குறைந்த இடத்தில் இரண்டொரு ஆவணங்களே சராசரியை ஆட்டிவைக்கும்.

மறுபுறம், குழிக்கண்டம் தோட்டின் மாசு குறித்து 1999 முதல் ஆய்வுகள் வெளிவந்தன. 2004 சூலையில் பூச்சிக்கொல்லித் தொழிற்சாலையில் பெருந்தீ விபத்து நேர்ந்தது. 2018 ஆகஸ்டில் பெரியாற்றின் வெள்ளம் ஊருக்குள் புகுந்தது. இவையெல்லாம் வீட்டின் 'பெறும்' மதிப்பைத் தொடுபவை. காற்றின் மாசு வீட்டு விலையில் பதிகிறது என்று 1967இலேயே ரிட்கரும் ஹென்னிங்கும் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத் தரவுகளைக்கொண்டு காட்டினர். ஆனால் அவ்வாறு பதிய ஒரு நிபந்தனை உண்டு: வாங்குவோருக்கு அச்செய்தி தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் கொடுத்த விலையில் மாசு இல்லை. அவர் குடியேறிய வீட்டில் இருக்கும். வெள்ளத்துக்கு முந்தைய ஆவணங்களை மட்டும் வைத்து 2019இல் விலை பேசியவரும் அத்தகையவரே. 'அன்று' என்ற பழைய ஆவணச் சொல்லின் அருமை இங்கே புரியும். அந்த விலை அந்த நாளுக்கு மட்டும் உரியது.

இதுவரை கூறியவை வாங்குவோர், விற்போரின் இலாப நட்டம் பற்றியவை. இதைவிடக் கனமான ஒன்று உண்டு. ஆவணத்தில் ஒரு வாசகருக்காக எழுதிய எண் பின்னாளில் வேறொரு வாசகரின் கைக்குப் போகும்.

2008 பிப்ரவரி 6 அன்று, வல்லார்பாடம் சரக்குப்பெட்டக முனையத்துக்கான சாலைக்கும் இருப்புப்பாதைக்குமாக மூலம்பிள்ளியில் வீடுகள் இடிக்கப்பட்டன. அத்திட்டத்தால் வெளியேற்றப்பட்டவை 316 குடும்பங்கள். களமசேரியிலிருந்து முனையத்துக்குச் செல்லும் அச்சாலை இன்று ஏலூரின் மஞ்ஞும்மலை ஒட்டிப் போகிறது. நிலமெடுப்பில் இழப்பீடு எப்படிக் கணக்கிடப்படும்? அன்றைய 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், அக்கம்பக்கத்து விற்பனை ஆவணங்களே சந்தை மதிப்புக்கு முதன்மைச் சான்று. 2013ஆம் ஆண்டுச் சட்டமும் முத்திரைச் சட்டத்தின் மதிப்பையும், முந்தைய மூன்றாண்டு விற்பனை ஆவணங்களில் விலை மிகுந்த பாதியின் சராசரியையும் ஒப்பிட்டு, உயர்ந்ததைக் கொள்ளச் சொல்கிறது. அதாவது, அண்டை வீட்டார் தீர்வையைச் சேமிக்கக் குறைத்து எழுதிய எண், விற்கவே விரும்பாத ஒருவரின் வீட்டுக்கு விலையாகிறது. குறைத்து எழுதியவர் ஒருவர், இழப்பவர் இன்னொருவர்.

மரடு இதைவிட நேரடியானது. கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறிக் கட்டப்பட்டவை என்பதால், கொச்சியை அடுத்த மரடில் நான்கு அடுக்குமாடித் தொகுதிகளை அகற்றுமாறு 2019 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2020 சனவரி 11, 12 ஆகிய நாள்களில் அவை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. வீட்டுரிமையாளர்களுக்கு இடைக்கால இழப்பீடாக 25 லட்ச ரூபாய் வழங்க நீதிமன்றம் கூறியிருந்தது. இழப்பீட்டுக் குழுவோ ஆவணங்களில் கண்ட தொகையை அடிப்படையாகக் கொண்டது. பலருக்கு 25 லட்சத்துக்கும் குறைவாகவே பரிந்துரை வந்தது. 2019 அக்டோபரில் அனைவருக்கும் 25 லட்சம் வழங்க வேண்டும் என்று நீதிமன்றம் தெளிவுபடுத்திய பின்னரே அந்த இடைவெளி நீங்கியது. அடுக்குமாடி விற்பனையில் பிரிபடாத நிலப் பாகத்துக்கு மட்டும் பத்திரம் பதிந்து, கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம் செய்துகொள்வது நம் மாநிலங்களில் நெடுநாள் வழக்கம். அவ்வாறு செய்தோரிடம் வஞ்சகம் எதுவும் இல்லாமலே ஆவணம் சிறிய எண்ணைப் பேசும். அக்கட்டடங்கள் சட்டப்படி நிற்கத் தக்கவையா என்பதையும் எந்த விலைக் குறியீட்டெண்ணும் சொல்லியிருக்க முடியாது.

ஆகவே வீட்டு விலைத் தரவைக் கையில் எடுக்கும் மாணவரும் வாங்குபவரும் விற்பவரும் ஒவ்வோர் எண்ணிடமும் நான்கு கேள்விகள் கேட்கலாம். இதை எழுதியவர் யார்? யார் படிப்பதற்காக எழுதினார்? எந்த நாளில், அன்று நடப்பில் இருந்த அரசு மதிப்பு எது? இது எதன் விலை, நிலத்தின் விலையா, பாகத்தின் விலையா, வீடும் சேர்ந்த விலையா? இக்கேள்விகளோடு, வாங்க எண்ணும் வீட்டின் வில்லங்கச் சான்றை முப்பதாண்டுக்காவது எடுத்துப் பார்த்தால், அவ்வீடு முன்பு கைமாறிய விலைகளும் தெரியும். அக்கம்பக்கத்து இரண்டு மூன்று வீடுகளுக்கும் அவ்வாறே பார்த்தால், ஐக்ஹோல்ட்ஸ் தெருவுக்குச் செய்ததை நாம் சந்துக்குச் செய்தவராவோம். அதன்பின் நகரக் குறியீட்டெண்ணைப் பார்க்கலாம். அது திசையைச் சொல்லும், தொகையைச் சொல்லாது. தொகையை ஊரிடம்தான் கேட்க வேண்டும்: வெள்ளம் எதுவரை வந்தது, ஆற்று நீர் எப்போது நிறம் மாறுகிறது, சென்ற ஆண்டு விற்றவர் ஏன் விற்றார்.

எழுதும்போதும் ஒரு கடமை இருக்கிறது. முழு விலையையும் ஆவணத்தில் எழுதுவது சட்டத்துக்கு அஞ்சிச் செய்யும் காரியம் மட்டுமன்று. அந்த எண் நாளை நம் இழப்பீட்டுக்கும் அண்டை வீட்டாரின் இழப்பீட்டுக்கும் நம் பிள்ளைகள் விற்கும்போது கட்டவேண்டிய வரிக்கும் சான்றாகப் போகிறது.

ஆய்வாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். எழும்பூரில் இருக்கும் டச்சு ஆவணங்களும், லோகன் தொகுத்த அட்டிப்பேறு ஓலைகளும், மூன்று ஆட்சிகளின் பதிவேடுகளும் இதுவரை பெரிதும் அரசியல், சமூக வரலாற்றுக்கே பயன்பட்டுள்ளன. கோட்டைக் கொச்சியின் ஒரே ஒரு தெருவையேனும் எடுத்து, அதன் வீடுகள் கைமாறிய வரலாற்றை டச்சுக் காலத்திலிருந்து இன்றுவரை தொடர முயல வேண்டும். ஆம்ஸ்டர்டாம் கால்வாய்க் கரைக்கு அக்கணக்கு இருக்கிறது. அதே கம்பெனி நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட இத்தெருக்களுக்கும் அதற்கான ஆவணங்களைத் தேடிப் பார்க்கலாம். அதற்கு வேண்டியவை டச்சும் மலையாளமும் ஆங்கிலமும் படிக்கத் தெரிந்த கண்களும், 'பெற்றது' என்று எழுதியதற்கும் 'பெறும்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மறவாத பொறுமையும்.